கலைடாஸ்கோப்புக்குள் போன கம்மல்

கம்மல் சுரண்டைக்குப் போகாது. காலையில் பல் தேய்க்கும்போதே பலவேசம் இந்த முடிவுக்கு வந்துவிட்டார். தலையே போனாலும் சரி, அந்தச் சிவப்புக்கல் கம்மல் தென்காசியைத் தாண்டாது. இதை வீட்டுக்காரியிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட அடுப்படி வரைக்கும் போனார். பாலம்மாள் திரும்பிப் பார்த்தாள். காப்பி ஆயிருச்சா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். பாலம்மாளின் தம்பி சுடலைமணிக்குச் சுரண்டையில் வீடு. அவன் நாலு வயசு மகள் ஜெயபிரியாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பண்பொழித் திருமலைக் கோயிலில் காதுகுத்து. அத்தை சீராக என் கம்மலையே தாரேன் என்று பாலம்மாள் போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். பக்கத்தில் குத்துக்கல்லாட்டம் நின்ற புருஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது சும்மா வந்த கம்மலா? குற்றாலத்தில் சாரலில் நனைந்து கடை போட்டு, கலைடாஸ்கோப் விற்று அவர் எடுத்துக் கொடுத்தது. வயிறு எரியுமா, எரியாதா?

திருவிழாவில் விற்கிற அட்டைக் குழாய் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடிப் பட்டைகள் மூன்றை முக்கோணமாகச் சேர்ப்பார் பலவேசம். ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் உள்ளே தெரிகிற பூ கிழிந்துபோகும். உடனே பிரித்துவிட்டு மறுபடியும் ஒட்டுவார். குழலின் நுனியில் ஒரு சின்ன அறை. வளையல் கடை உவைஸ் ஒதுக்கித் தருகிற உடைந்த துண்டுகளில் எதை அதற்குள் போடுவது என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். செய்து முடித்ததை ஒரே ஒரு தடவை கண்ணில் வைத்துப் பார்ப்பார், கீழே வைத்துவிடுவார். கல் எது, கண்ணாடி எது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன் என்று மார்தட்டுவார். அந்தத் தலைக்கனம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

பாலம்மாள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கம்மல் ஜோடியை எடுத்தார். ஒரு புதுக் குழலின் நுனியில் துண்டுகளோடு துண்டாகப் போட்டு மூடினார். கண்ணாடிக்குள் போய் யார் கல்லைத் தேடப் போகிறார்கள்?

மூடினவர் சும்மா ஒரு தடவை பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு பூ இதுவரைக்கும் அவர் கையில் விழுந்ததே இல்லை. உருட்ட உருட்டச் சிவப்பும் பொன்னுமாக விரிந்துகொண்டே போனது.

சாயங்காலம் பாலம்மாள் கம்மலைக் காணோம் என்றாள். அழுகை, சண்டை, சாமியாட்டம் எல்லாவற்றுக்கும் பலவேசம் தயாராக இருந்தார். அவளோ, கிடைக்கும்போது கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள். பலவேசத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் எதையும் இப்படி விட்டதில்லை.

மறுநாளும் குழல் அவர் கையைவிட்டு இறங்கவில்லை. இட்லியைப் பிய்க்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கண்ணில்தான் இருந்தது. துண்டு கொடுக்க வந்த உவைஸிடமும் நீட்டினார். உவைஸ் பார்த்துவிட்டு, நம்ம கடை வளையல் மாதிரில்லா இருக்கு அண்ணாச்சி என்றார்.

"ஓய், வளையலு இப்படி மின்னுமா? கண்ணத் தொடச்சிட்டுப் பாரும்."

உவைஸ் துண்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுக் கிளம்பினார். பாலம்மாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் நல்ல காற்று. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து ஆசாரி காதைக் குத்தினார். பிள்ளை போட்ட கத்தலில் கீழே பண்பொழியே எழுந்திருக்கும். பாலம்மாள் பைக்குள் கையை விட்டு ஒரு குழலை எடுத்தாள். மாமா உனக்குன்னே செஞ்சது என்று பிள்ளை கையில் கொடுத்தாள்.

பலவேசம் எட்டிப் பார்த்தார். அலமாரியில் வேட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு வந்த அதே குழல். இது சரியா வரலை, வேற தாரேன் என்று கையை நீட்டினார். பிள்ளை அழுகையை நிறுத்திட்டா, விடுங்க அத்தான் என்றான் சுடலைமணி. உள்ளே கண்ணாடி விரிஞ்சிருக்கு, கண்ணுல குத்திரும் என்று ஒரு பொய்யைச் சொல்லி வெடுக்கென்று பிடுங்கினார். எல்லார் முன்னாலும் நுனியைத் திருகி உள்ளங்கையில் கொட்டினார்.

அவர் போட்ட கண்ணாடித் துண்டுகளோடு, பொன்வரி போட்ட சிவப்பு வளையல் துண்டுகள் விழுந்தன. தட்டினார், ஊதினார், விரலை விட்டுத் துழாவினார். வேறு ஒன்றுமே இல்லை.

"என்ன தேடுதீய?" என்றாள் பாலம்மாள். "கம்மலா? அது தாம்பாளத்துல இருக்குல்லா."

இருந்தது. மஞ்சள் கிழங்குக்குப் பக்கத்தில், ஜோடியாக. பாலம்மாள் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க செஞ்சதை நீங்க ரெண்டாந்தடவ பாத்து நான் கண்டதில்ல. இதை மட்டும் விடாம பாத்தீய. அன்னைக்கு ராத்திரியே கம்மலை எடுத்துட்டு, என் உடைஞ்ச வளையலைப் போட்டுட்டேன். நேத்து பூரா நீங்க மெச்சினது அதைத்தான்."

குழலைப் பறிகொடுத்த ஜெயபிரியா மறுபடியும் அழ ஆரம்பித்தாள். பலவேசம் குனிந்து, அழாதட்டி, மாமா இதைவிட நல்லதா ஒண்ணு செஞ்சு தாரேன் என்றார்.

அத்தை சொன்னதையெல்லாம் கேட்டிருந்த பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க வேண்டாம் மாமா. அத்தையவே செய்யச் சொல்லுங்க."