டிக்சனுக்கு ஒரு டிக்கெட்

"சொல்லி வச்சாச்சு" என்று டிக்சன் சொன்னதும், தோசையைத் திருப்பப் போன ஜெனி அதை அப்படியே விட்டுவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார்ட்ட?"

"சொல்ல வேண்டிய ஆள்ட்ட."

"கவுண்டர் நேத்தே தெறந்தாச்சுங்க. ஒரு ஆளு இல்ல, சும்மா உக்காந்திருக்காங்க. நடந்து போயி ஒண்ணு வாங்கிட்டு வந்தா சோலி முடிஞ்சிரும்."

டிக்சன் அவள்மேல் பரிதாபப்பட்டுச் சிரித்தான். கொடைக்கானலில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பாதி ஆயுளைக் கழித்தவன் அவன். அந்த விடுதியின் பெயரில் ஏரி உண்டு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, எதிரே உள்ள யூகலிப்டஸ் மரங்களை வெட்டிவிட்டால் ஏரியே தெரியும். அப்படிப்பட்ட இடத்துக்கு மே மாதத்தில் ஆள் பிடிப்பவன், வரிசையில் நிற்பதா? வரிசை என்பது கீழேயிருந்து மலையேறி வருகிறவர்களுக்காக ஏற்பட்டது. உள்ளூர்க்காரன் சொல்லி வைப்பான். டிக்சன் இதுவரை சொல்லி வைத்த எந்தக் காரியமும் நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.

தோசை தீய்ந்துவிட்டது. அதையும் அவனுக்கே வைத்தாள்.

டிக்கெட், மாவட்ட ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்புக்கு. பெயரைக் கேட்டுப் பனித்தரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊரில் குளிர் உண்டே தவிர பனித்தரை கிடையாது. மார்கழியில் புல்வெளியில் விழும் உறைபனியில் சறுக்கினால் நேராக ஆட்டுப் புழுக்கையில்தான் போய் நிற்கலாம். இது காலில் சக்கரம் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூட உள்ளரங்கின் மரத்தரையில், பாட்டுக்குத் தக்கபடி சுழல்வதும் தாவுவதும் ஒற்றைக் காலில் வளைவதும். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் ஹெப்சிபா அதில் ஆடுகிறாள்.

கொரோனாவின் அடுத்த அலை வருமா வராதா என்று எல்லாரும் தும்மலை அடக்கிக்கொண்டிருந்த காலம். அரங்கில் பாதி நாற்காலிக்குத்தான் அனுமதி. போட்டியாளருக்குத் துணையாக ஒரே ஒருவர் வரலாம். அவரும் உடை மாற்றும் அறையிலேயே இருக்க வேண்டும். அது ஜெனி. மற்றபடி பெற்ற தகப்பனே ஆனாலும் ஆதார் அட்டையோடும் இரண்டு ஊசிச் சான்றோடும் நேரில் போய் டிக்கெட் வாங்க வேண்டும். ஆளுக்கு ஒன்றுதான். வாங்குகிறவர் பெயரே டிக்கெட்டில் அச்சாகும்.

போன மாதத் தேர்வுச் சுற்றில் ஹெப்சி பாதி ஆட்டத்தில் அசையாமல் நின்றுவிட்டாள். கூட ஆடிய இரண்டு பிள்ளைகள் விழுந்து வைத்த புண்ணியத்தில்தான் தேர்வானாள். அன்று டிக்சன் வரவில்லை. ஒரு தேனிலவு ஜோடிக்குத் தலையணை பிடிக்காமல், ஏழாவது தலையணையை மாற்றிக்கொண்டிருந்தான்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "முன்னாடி பூரா வெறும் சேருப்பா. தெரிஞ்ச மொகம் ஒண்ணுகூட இல்ல. காலு நகர மாட்டேன்னுருச்சு."

"இந்தத் தடவை முன்வரிசையில அப்பா" என்று டிக்சன் சொல்லியிருந்தான். தன் வாழ்நாளில் அவன் நிறைவேற்றியே தீர வேண்டும் என்று நினைத்த வாக்கு அது ஒன்றுதான்.

அதனால்தான் அதை முக்கியமான முறையில் அணுகினான். முதலில் கூக்கால் கிராமத்து மணியனிடம் சொன்னான். விடுதிக்குக் காரட்டும் பூண்டும் கொண்டுவரும் மணியன், போட்டி நடக்கும் பள்ளிக்கூடச் சமையலறைக்கும் காய் போடுகிறவர்.

"இதென்ன தம்பி பெரிய காரியம்" என்றார் மணியன். "வெள்ளனே சொல்லியிருந்தா இன்னைக்கே முடிச்சிருப்பேன். நாளைக்கு வெரசா வந்து பாத்துருதேன்."

"பயங்கரக் கிராக்கிண்ணே. உங்களை மட்டும்தான் நம்பியிருக்கேன்."

கிராக்கி என்பது அவனாகச் சேர்த்துக்கொண்டது. கிராக்கி இல்லாத பொருளுக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது தொழிலில் கற்ற பாடம். மூன்றாவது மாடி முழுக்கக் காலியாகக் கிடக்கும்போதுதான் அவன் வாடிக்கையாளரிடம் குரலைத் தாழ்த்தி, "கடைசி ரூம் சார்" என்பான்.

மணியனை மட்டும் நம்பியிருப்பது புத்திசாலித்தனம் அல்ல என்று பத்து மணிக்குத் தோன்றியது. கூடப் படித்தவனும் டாக்ஸி ஓட்டுபவனுமான ஆண்டனியைக் கூப்பிட்டு, அவனை மட்டும்தான் நம்பியிருப்பதாகச் சொன்னான். மத்தியானம் சர்ச் உபதேசியார் பரமானந்தத்தை மட்டும் நம்பினான். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஆயிரும்.

அந்த வார்த்தைதான் இடித்தது. சீசனில் அறை கேட்கிற அத்தனை பேரிடமும் டிக்சன் சொல்லும் வார்த்தை அது. ஆகாது என்று அதற்குப் பொருள்.

மறுநாள் சாயங்காலம் கவுண்டர் வழியாக, போகிற போக்கில் பார்ப்பதுபோல், போனான். திக்கென்றது. ஜெனி ஆளே இல்லை என்று சொன்ன இடத்தில் வரிசை நின்றது. எல்லாரும் குரங்குக் குல்லா, மப்ளர், அதற்கு மேல் மாஸ்க். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அதில் யாரோ ஒருவர் இவனைப் பார்த்துக் கையை ஆட்டினார். விடுதியில் தங்கிப் போன வாடிக்கையாளராக இருக்கும் என்று பெரிய மனுஷத் தோரணையில் தலையை அசைத்துவிட்டு நடந்தான்.

அப்போதே வரிசையின் வாலில் நின்றிருக்கலாம். ஆனால் வரவேற்பு மேசை மேனேஜர் வரிசையில் நிற்பதை ஆண்டனி மாதிரி ஆட்கள் பார்த்தால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்து இன்னும் வேகமாகச் சொல்லி வைத்தான். பால்காரர், சலூன்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பாச்சலூரில் இருக்கும் ஒன்றுவிட்ட மச்சான், மச்சானுக்குத் தெரிந்த வாழைக்காய் மண்டிக்காரர். அவர்களும் ஆளுக்கு நாலு பேரிடம் சொல்லி வைப்பதாகச் சொன்னார்கள். கிராக்கி கூடிவிட்டதால் கிராக்கி என்று சொல்வதில் இப்போது உண்மையும் இருந்தது.

வெள்ளிக்கிழமை கவுண்டரில் 'ஹவுஸ்ஃபுல்' பலகை தொங்கியது.

"ஆளே இல்லாத எடத்துல எப்படிங்க ஹவுஸ்ஃபுல் ஆச்சு?" என்றாள் ஜெனி.

"சனங்களுக்குக் கலையில ஆர்வம் வந்துருச்சு" என்றான் டிக்சன்.

ஹெப்சி ஷூவின் சக்கரங்களைப் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு டிக்கெட் இருக்குல்லப்பா?" என்று கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இருக்கிறது என்றே முடிவு பண்ணிவிட்ட மாதிரி, "நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க? லெஃப்டா, ரைட்டா?" என்றாள்.

"நடுவுல" என்றான் டிக்சன்.

அன்று ராத்திரியே அவனுக்கு யோசனை உதித்தது. டிக்சனுக்கு உதிக்கிற யோசனைகளை ஜெனி காய்ச்சலைப் போல நெற்றியைத் தொட்டே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அவள் மகளின் உடையில் ஜிகினா தைத்துக்கொண்டிருந்தாள்.

மதுரையிலிருந்து வரும் நடுவர் தமிழ்மதி மேடம் தங்கியிருப்பது இவனுடைய விடுதியில். காலையில் அவரோடு வழிகாட்டியாகக் காரில் ஏறிக்கொண்டால் அரங்கத்துக்குள்ளேயே போய் இறங்கலாம். நடுவரின் காரை எவன் நிறுத்துவான்?

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மணியனும் ஆண்டனியும் மாறி மாறி போன் அடித்தார்கள். நடுவில் உபதேசியாரும் அடித்தார். டிக்சன் எடுக்கவில்லை. கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். பாவம், நல்ல மனுஷர்கள், அவர்கள் வாயால் அதை ஏன் சொல்ல வைக்க வேண்டும்? தவிர, நடுவர் அறையில் வெந்நீர் வரவில்லை. அவனே இரண்டு வாளி தூக்கிக்கொண்டு படியேறினான். மாநில அளவிலான விருந்தோம்பல்.

எல்லாம் முடிந்து, கொட்டும் மூடுபனியில் கார் கிளம்பியபோது, டிரைவர் பக்கத்தில் டிக்சன் இருந்தான். வலது திருப்பம், இடது திருப்பம் என்று அவன் காட்டிய கம்பீரத்தைப் பார்த்து மேடத்துக்கே மரியாதை வந்துவிட்டது.

"குழந்தைங்க இருக்காங்களா சார்?"

"ஒரே பொண்ணு மேடம். இன்னைக்கு ஆடப்போறா. ஹெப்சிபா."

"வண்டிய நிறுத்துங்க" என்றார் மேடம்.

ரொம்பப் பொறுமையாகத்தான் விளக்கினார். போட்டியாளரின் அப்பாவோடு நடுவர் ஒரே காரில் வந்து இறங்குவதை யாராவது பார்த்தால், அவர் போடும் மதிப்பெண் செல்லாது. பிள்ளையையும் போட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். "கெட்டது அவளுக்குத்தான் சார். தப்பா நெனைக்காதீங்க."

டிக்சன் இறங்கினான். கதவை அவனே மெதுவாகச் சாத்தினான். தொழில் தோஷம், "மறுபடியும் வாங்க மேடம்" என்றும் சொன்னான்.

அங்கிருந்து ஏற்றம். டாக்ஸிக்கு ஆண்டனியைக் கூப்பிட்டான். போன் அணைக்கப்பட்டிருந்தது. மணியனும் அப்படியே. உபதேசியார்கூட. கூட்டாளிகள் எல்லாரும் ஒரே நேரத்தில் போனை அணைப்பது என்றால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும். சீசனில், வாக்குக் கொடுத்த அறை இல்லாமல் வாடிக்கையாளர் வந்து இறங்கும் நேரத்தில், அவனும் அதைத்தான் செய்வான். கோபம் வரவில்லை. இத்தனை வருடம் எத்தனை பேர் பெட்டியோடு மூடுபனியில் நின்றிருப்பார்கள் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தான். அவர்கள் எல்லாரும் இன்னும் கொஞ்ச நேரம் நின்று திட்டியிருக்கலாம்.

மூச்சிரைக்க அரங்கத்துக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் ஈ காக்கை இல்லை. முகக்கவசமும் முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடும் போட்ட ஒரு பெண் மட்டும் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்றாள். சட்டையில் ராஜகுமாரி என்று பெயர் குத்தியிருந்தாள். டிக்கெட் இல்லாமல் அவளிடம் போவதற்கு முகம் இல்லாமல், டிக்சன் பக்கவாட்டில் ஜன்னலைத் தேடிப் போனான்.

ஜன்னல் உயரத்தில் இருந்தது. கவிழ்ந்து கிடந்த ஒரு வாளி மேல் ஏறினான். கண்ணாடி முழுக்க உள்பக்கமாக ஆவி படிந்து, கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிச்சம் மட்டும் தெரிந்தது. காதை வைத்தான். ஒலிபெருக்கியில் ஹெப்சியின் பெயர் கேட்டது. பிறகு பாட்டு. அந்தப் பாட்டு வீட்டில் மூன்று மாதமாக ஓடி, அவன் தூக்கத்தில்கூட அதற்குத் தலையாட்டுவான்.

மரத்தரையில் சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது. நேராகப் போகிறாள். வளைகிறாள். ஒரு தட்டு, குதித்துவிட்டாள். இனி சுழல வேண்டும்.

சக்கரச் சத்தம் நின்றுவிட்டது.

பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. டிக்சன் கண்ணாடியைக் கையால் துடைத்தான். ஆவி உள்ளே இருக்கிறது, வெளியே துடைத்து என்ன பயன் என்று தெரிந்தும் துடைத்தான். நடுவில் உட்காருகிறேன் என்று சொன்னவன். அவள் நடுவில்தானே தேடிக்கொண்டிருப்பாள். ஒரு வரிசையில் நிற்கக் கௌரவம் பார்த்தவன், இப்போது வாளி மேல் நிற்கிறான்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு கரகரப்பான ஆண்குரல், "ஆத்தா ஹெப்சி, நீ சுத்து" என்றது. இன்னொரு குரல் சேர்ந்தது. பிறகு நாலாப்பக்கத்திலிருந்தும் குரல்கள், ஹெப்சி ஹெப்சி என்று, கை தட்டி, காலால் தரையை மிதித்து. ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

சக்கரம் மறுபடி உருண்டது. முதலில் தயங்கி, பிறகு வேகமாக, பிறகு பாட்டையே மூழ்கடிக்கும் ஒரே ரீங்காரமாக. சுழல்கிறாள். சுழன்றுகொண்டே இருக்கிறாள். பாட்டு முடிந்தபோது எழுந்த கைதட்டலில் டிக்சன் வாளியிலிருந்து சரிந்து, ஈரப் புல்லில் உட்கார்ந்தான். பின்பக்கம் நனைந்தது. முகமும் நனைந்திருந்தது, அதற்கு மூடுபனியைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

அறிவிப்பில் பெயர் சொன்னதைக் கேட்டிருப்பார்கள். இருந்தாலும் முன்பின் தெரியாத பிள்ளைக்கு இப்படியா? ஊரில் இவ்வளவு நல்ல சனம் இருக்கிறதா? அதில் ஒருவர் டிக்கெட் வாங்காமல் இருந்திருந்தால் தனக்கு இடம் கிடைத்திருக்குமே என்று அவர்கள் மேல் பட்ட பொறாமையை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அண்ணே, இங்க நிக்கக் கூடாது" என்று பின்னால் குரல் கேட்டது. ராஜகுமாரி கருவியை அவன் நெற்றிக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நிக்கலம்மா, உக்காந்திருக்கேன்" என்றான் டிக்சன். பிறகு குரல் இறங்கி, "ஒரே நிமிசம் உள்ள விட்டீங்கன்னா, ஒரு பிள்ளையப் பாத்துட்டு வந்துருவேன். டிக்கெட்டுக்குச் சொல்லி வச்சிருந்தேன், ஆகல" என்றான்.

ராஜகுமாரி கண்ணாடித் தகட்டைத் தூக்கிவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"காலையிலருந்து வந்ததுல முக்காவாசிப் பேரு உள்ள போக மாட்டேன்னு டிக்கெட்ட நீட்டிக்கிட்டு, 'எம்பேர எடுத்துட்டு இத டிக்சனுக்கு மாத்திக் குடுங்க'ன்னு வாசல்லயே நின்னாங்க, வெளிய கூட்டம் சேரக் கூடாதுன்னு அத்தன பேரையும் போன அமத்தச் சொல்லி உள்ள தள்ளிக் கதவச் சாத்துறதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு, நீங்களும் அந்த டிக்சனுக்காகத்தான் வந்தீங்களாண்ணே?"