டப் வராத இதயம்

'லப்' என்றது கம்ப்யூட்டர் திரையில் இருந்த இதயம். 'டப்' வரவில்லை. பாதி சுருங்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டது.

"ஆறாவது தடவை," என்றார் பாஷ்யம். "அடுத்தது என் இதயம்தான் நிக்கப் போறது."

சின்ன காஞ்சிபுரத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக் கையேடு போடுகிறவர் அவர். இந்த 2004இல்தான் முதல்முறையாகப் புத்தகத்தோடு ஒரு சி.டி. அறிவியலுக்கு ஓடும் படம், செய்யுளுக்குப் பாட்டு, கணக்குக்குக் கேள்வி பதில், எல்லாம் அதற்குள். மாலை நான்கு மணிக்குத் தலைமையாசிரியை தேவகி நேரில் பார்க்க வருகிறார். எட்டுப் பள்ளிக்கூடங்களுக்கும் சேர்த்துக் கையேடு தேர்ந்தெடுப்பவர் அவர்; அவர் சரி என்றால் எட்டிலும் இதுதான். இல்லையென்றால் பதிப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நேத்து சாயங்காலம் முதல் பிரதின்னு பெருமாள் படத்துக்கு முன்னால வெச்சு நானே பூஜை பண்ணினேன். அப்புறமும் நிக்கறதுன்னா நீ என்னம்மா பண்ணித் தொலைச்சே?"

இரண்டு மாதம் உட்கார்ந்து அந்த சி.டி.யைத் தயாரித்த ஜெயப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். ஓரிக்கையிலிருந்து வேலைக்கு வருகிறவள்.

"சார், ஏனாத்தூர் வரைக்கும் போயிட்டு வந்துடட்டா? அங்க எங்க சித்தி பொண்ணுகிட்ட..."

"சித்தி பொண்ணை ஞாயித்துக்கிழமை பாத்துக்கோ. இடத்தை விட்டு அசையப்படாது."

கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி எடுக்கலாமென்றால் அதில் ஒன்றும் இல்லை. சி.டி.தான் வந்தாயிற்றே, இடத்தை அடைப்பானேன் என்று பாஷ்யமே முந்தின நாள் அழிக்கச் சொல்லியிருந்தார்.

"படம் ரொம்பப் பெரிசு. அதான் மூச்சு வாங்கறது. சின்னதாக்கு," என்றார்.

ஆக்கினாள். இதயம் துடித்தது. ஆனால் சத்தம் போய்விட்டது.

"சி.டி.யில அந்த எடம் படிக்க மாட்டேங்குது சார்."

"எது படிக்கறது?"

"செய்யுள் பாட்டு மட்டும்தான்."

"அதைச் சேர். ஊமைப் படத்தை யார் பாப்பா?"

சேர்த்தாள். யாரோ கணீரென்று காம்போதியில் பாட, அதற்கேற்ப ரத்தம் மேல்ஸ்தாயிக்கு ஏறி இறங்கியது.

"கச்சேரியா வெச்சிருக்கே இங்கே? தூக்கு அதை. நின்ன படமா பத்து எடுத்து, கேள்வி பதிலோட கோத்துடு."

"சார், ஏனாத்தூர்..."

"அந்த ஊர் பேரை இன்னொரு தடவை எடுத்தே, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

கோத்தாள். இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று கேட்டது திரை. பாஷ்யம் நான்கை அமுக்கினார். 'தவறு, மீண்டும் முயல்க' என்று சொல்லிவிட்டு அது கைதட்டியது.

மணி மூன்று. பாஷ்யம் மேசையில் ஓங்கி அடித்தார்.

"எழுந்திரு. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"அப்ப இப்பவே போலாமா சார்?"

"போ."

சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். வேலை போனவள் இவ்வளவு அவசரமாக ஓடி அவர் பார்த்ததே இல்லை. தெருமுனையில் ஷேர் ஆட்டோவை நிறுத்த அவள் போட்ட சத்தம் உள்ளே வரை கேட்டது.

நான்கு மணிக்குத் தேவகி வந்தார். பாஷ்யம் இரண்டு முறை காபி கொடுத்தார். அட்டையின் கனத்தை மூன்று முறை விளக்கினார். மூன்றாவது காபிக்குக் குரல் கொடுத்தபோது, மூச்சு வாங்க ஜெயப்ரியா உள்ளே நுழைந்தாள். யாரையும் பார்க்காமல் வேறொரு சி.டி.யைச் செருகினாள்.

லப். டப். லப். டப்.

தேவகி கடைசிவரை பார்த்தார். "பசங்களுக்கு நல்லாப் புரியும் சார். எட்டு ஸ்கூலுக்கும் எழுதிடறேன்," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாஷ்யத்துக்குக் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"நல்லதை ஏனாத்தூர்ல வெச்சுண்டா என் பிராணனை வாங்கினே?"

"வேற கம்ப்யூட்டர்ல ஓடுதான்னு பாக்க போன வாரம் ஒரு காப்பி போட்டுக் குடுத்தேன் சார். சொல்ல வந்தேன், நீங்கதான்..."

"அது கெடக்கட்டும். பழசு எப்படிக் கெட்டது? அதைச் சொல்லு."

"தெரியல சார்," என்றாள், தரையைப் பார்த்து.

"அதானே, எதைக் கேட்டாலும் தெரியாது. சரி, நாளைக்கு வந்து தொலை. ஏதோ பெருமாள் காப்பாத்தினார்."

புது சி.டி.யை எடுத்துப் பெருமாள் படத்தின் முன்னே, பளபளக்கும் பக்கம் மேலே தெரிய வைத்தார். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பிரதிக்கும் செய்கிற வழக்கப்படி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுச் சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார்.

பெருக்கிக்கொண்டிருந்த தில்லையம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து, அவர் விரலுக்கும் சி.டி.க்கும் நடுவே கையை நீட்டினாள்.

"உறைமேல வைங்க சாமி. நேத்து நீங்க பளபளப்புல வெச்ச சந்தனத்தை இந்தப் பொண்ணு தொடைக்கப் போயித்தான் பழசுல கீறல் வுழுந்துச்சு, 'பூஜைதான் கெடுத்துச்சுன்னு தெரிஞ்சா பெரியவரு மனசு ஒடிஞ்சிடுவாருக்கா, சொல்லாதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் காலையிலேருந்து திட்டு வாங்கிக்கினு இருக்குது."