அழுக்குப் படாத பம்பு

தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தான் ஓடும் என்பது உலகம் தோன்றிய நாள் முதல் அமலில் உள்ள சட்டம். எங்கள் வீட்டு எல்லைக்குள் அந்தச் சட்டத்தை ரத்து செய்தவன் நான்.

எங்கள் சலவை அறை தரைக்குக் கீழே இருக்கிறது. கழிவுநீர்க் குழாயோ அதற்கு மேலே போகிறது. ஆகவே துவைத்த தண்ணீரை என் மனைவி வாளி வாளியாக மொண்டு, பதினான்கு படி ஏறிக் கொட்டிவந்தாள். பதினோரு வருடம் கொட்டினாள். ஒருநாள் ஒன்பதாவது படியில் வாளியோடு உட்கார்ந்துவிட்டாள். வலது முழங்கால் வீங்கியிருந்தது. "இனிமே கனம் தூக்கிக்கிட்டு படி ஏறவே கூடாது" என்றார் டாக்டர். நான் பதறிப்போனேன். மறுநாளே பம்பு வாங்கினேன்.

பிளம்பர் வந்து சலவைத் தொட்டிக்கு அடியில் ஒரு பெட்டியை வைத்தார். பெட்டிக்குள் பம்பு, பக்கத்தில் ஒரு மிதவை. தண்ணீர் ஏறினால் மிதவை எழும். பம்பு தானே ஓடித் தண்ணீரை மேலே தள்ளும்.

"பராமரிப்பு?" என்று கேட்டேன்.

"தொட்டி வாயில வலை போட்டிருக்கேன் சார். அதுல சேர்ற நூல், பஞ்சையெல்லாம் வாரம் ஒரு தடவை எடுத்துப் போட்டுருங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

இருபத்தாறு வருடமாகக் கோப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருப்பவனிடம் சொல்லக்கூடிய பதிலா இது? அன்றைக்கே ஒரு பதிவேடு திறந்தேன். தேதி, நிலை, பழுது, காரணம், கையொப்பம் என ஐந்து கட்டங்கள். முதல் பக்கத்தில் என்னை 'தலைமைப் பராமரிப்பாளர்' என்று நியமித்துக்கொண்டேன். போட்டி இல்லை. சுவரில் ஏழு விதிகளை ஒட்டினேன். பஞ்சு கூடாது, மண் கூடாது, நுரை 'இயன்றவரை' கூடாது என்று தொடங்கி, பதிவேட்டில் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்ற ஏழாவது விதியில் முடியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து ஆடிவிட்டு வந்த என் மகள் சேறு அப்பிய உடுப்புகளோடு படியிறங்கினாள். நான் வழி மறித்தேன்.

"எங்கம்மா போற?"

"துவைக்கப் போறேம்பா."

"இதையா? இவ்வளவு அழுக்கா இருக்கே!"

"அழுக்கா இருக்கறதாலதாம்பா துவைக்கணும்."

"பம்பு புதுசும்மா. அந்தப் பிளாஸ்டிக் டப்புல முதல்ல நல்லா துவைச்சிடு. சுத்தமானதும் தொட்டியில போட்டுத் துவைச்சுக்கலாம்."

"டப்புத் தண்ணிய என்ன பண்றது?"

நான் பதில் சொல்லுமுன், பின்னால் நின்ற மனைவி வாளியை எடுத்துவிட்டாள்.

"ஏங்க, அப்ப இந்தப் பம்பு எதுக்குங்க?"

"அவசரத்துக்கு."

மூன்றாம் மாதம், டப்பில் துவைத்த துணியிலும் ஒரு நூல் கிடந்ததைக் கண்டுபிடித்தேன். மறு உத்தரவு வரும்வரை தொட்டியில் துவைப்பது நிறுத்திவைக்கப்பட்டது. அதற்காகப் பம்பை அநாதையாக விட்டுவிடவில்லை. மாதாமாதம் ஒரு டம்ளர் வடிகட்டிய குடிநீர் ஊற்றிச் 'சோதனை ஓட்டம்' நடத்தினேன். மிதவை அசையவில்லை. 'சத்தமே இல்லாமல் இயங்குகிறது' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

வருட முடிவில் பிளம்பர் வந்தார். நான் பதிவேட்டை நீட்டினேன். அவர் அதைத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினார். பம்பு உறுமியது, சுற்றவில்லை. கழற்றிப் பார்த்தார்.

"உள்ள புத்தம் புதுசா இருக்கு சார்."

நான் பெருமையோடு பதிவேட்டைச் சுட்டிக் காட்டினேன்.

"இது ஓடவே இல்ல. ரப்பர் சீல் காய்ஞ்சு ஒட்டிக்கிச்சு. அழுக்குத் தண்ணி போகத்தானே சார் இதைச் செஞ்சிருக்கு? ஒரு வருஷமா தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

அப்போதுதான் என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தாள். முழங்காலில் பட்டை. மறு கையில் காலி வாளி. பிளம்பர் வாளியைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த ஏழு விதிகளையும் நிதானமாகப் படித்தார்.

சீலை மாற்றி, "ஊத்துங்கம்மா" என்றார். மகளும் அவளுமாக அழுக்குத் தண்ணீர் நிறைந்த டப்பைத் தொட்டியில் சாய்த்தார்கள். பஞ்சு வலையில் தங்கியது. மிதவை எழுந்தது. பம்பு கடகடவென்று ஓடி, ஒரு நிமிடத்துக்குள் அவ்வளவு தண்ணீரையும் மேலே அனுப்பிவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் மனைவி.

"அவ்வளவுதாம்மா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பிறகு பதிவேட்டை எடுத்து, முதல் முறையாக அவளே எழுதினாள்.

பழுது: 1. ரப்பர் சீல். 2. வலது முழங்கால்.

காரணம்: தலைமைப் பராமரிப்பாளர்.

"கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினாள்.

கட்டம் காலியாக இருக்கக் கூடாது. போட்டேன்.