ஒபதியாவின் பித்தளைச் சாவி

எங்கள் ஊர் நகூருவில் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்கும் பெற்றோருக்குப் போன ஜனவரியில் ஒரு வியாதி வந்தது. வியாதியின் பெயர் ஒபதியா. பெயருக்கு முன்னால் 'தீர்க்கதரிசி' என்று ஒரு பட்டம், அவரே போட்டுக்கொண்டது. 'உங்கள் பிள்ளை காகிதப் பிள்ளையா, ஒளிப் பிள்ளையா? கடவுளின் சாவி சொல்லும்!' என்ற பேனரை அச்சடித்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான். காசையும் எண்ணி வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்தால் சிமென்ட் கடைக்குப் பின்னாலிருந்த கூடத்தில் நிற்க இடம் கிடைக்காது. வங்கிக்காரர் ஒருவர்கூடக் கோட்டு போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். ஒபதியா பிள்ளையின் உள்ளங்கைக்கு மேலே நூலில் கட்டிய பித்தளைச் சாவியைத் தொங்கவிடுவார். நேராக ஆடினால் காகிதப் பிள்ளை, அதற்கு அச்சுப் புத்தகம்தான் ஏறும். வட்டமாகச் சுற்றினால் ஒளிப் பிள்ளை, அதற்கு டேப்லட்தான் வேண்டும். மாற்றிப் படித்தால் மூளை வற்றிவிடுமாம். பொருந்தாத சாமானை வீட்டில் வைத்திருக்கவே கூடாது, அவரிடம் விட்டுவிட வேண்டும், அவர் சுத்திகரிப்பார். பொருந்துகிற சாமான், என்ன ஆச்சரியம், பின்னறையில் ஊதாத் துணி சுற்றி விலையோடு தயாராக இருக்கும்.

வாசலில் அவருடைய மனைவி தேநீரும் மாண்டாசி என்கிற இனிப்புப் போண்டாவும் கொடுத்து ஒரு படிவத்தை நீட்டுவார். பிள்ளையின் பெயர், வயது, இப்போது படிப்பது புத்தகத்திலா டேப்லட்டிலா. அந்தப் படிவம் பிள்ளைக்கு முன்பே தீர்க்கதரிசியின் கைக்குப் போய்விடும். எல்லாம் அறிந்த கடவுளுக்கு இந்த ஒரு விவரம் மட்டும் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும்.

என் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருப்பவள் கெரூபோ. மகள் மோராவுக்குப் பதினொரு வயது. ஆஸ்துமாவால் பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் படிக்கிறாள். நவம்பரில் தேர்வு, அதில் தவறினால் ஒரு வருடம் போச்சு. இரண்டு வருடம் சீருடை தைத்துச் சேர்த்ததில் கெரூபோ பன்னிரண்டு புத்தகம் வாங்கியிருந்தாள். மோரா பென்சிலால் விடை எழுதுவாள், அம்மா திருத்தியதும் ரப்பரால் அழிப்பாள், தங்கைக்கு வேண்டுமே. எங்கள் ஊரில் வீட்டில் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம்.

மோராவுக்குப் பின்னக் கணக்கு மட்டும் வரவில்லை. கெரூபோ பயந்துபோய் வரிசையில் நின்றாள். படிவத்தில் 'புத்தகம்' என்று எழுதினாள். சாவி வட்டமாகச் சுற்றியது.

"புத்தகந்தாம்மா உம் பொண்ணு மூளைய உறிஞ்சுது" என்றார் ஒபதியா.

பன்னிரண்டு புத்தகமும் போயின. மிச்சமிருந்த சேமிப்பும் போய் டேப்லட் வந்தது. அதற்கு டேட்டா போட வேண்டும் என்று சாவி சொல்லவில்லை. மூன்றாவது வாரம் அந்தப் பிள்ளை பாடம் வராத திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பேனர் அடித்த எனக்கு வெட்கமாக இருந்தது.

அதே வாரம் ஒரு பெண், ஒபதியா சுத்திகரித்து விற்ற புத்தகம் என்று ஊதாத் துணியைப் பிரித்து, ஒரு பக்கத்தை நகலெடுக்கக் கொடுத்தாள். அப்போது கடையில் ஜெப்கெமோய் நின்றிருந்தாள். பால் சேகரிப்பு நிலையத்தில் பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று தினமும் சோதிக்கிறவள், தன் மகளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள். முதல் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அழித்த பென்சில் தடத்தில் மோராவின் பெயர்.

"போன மாசம் மூளைய உறிஞ்சின புத்தகம் இந்த மாசம் மூளைய வளக்குதாக்கும்" என்றாள்.

நேரே போய்ச் சண்டை போடலாம் என்றேன். சாத்தான் என்று சொல்லி வெளியே தள்ளிவிடுவான், பாலுக்குச் செய்கிற சோதனையையே இவனுக்கும் செய்வோம் என்றாள் அவள்.

சனிக்கிழமை கூட்டத்தின் நடுவே எழுந்து கும்பிடு போட்டாள். "ஐயா, நீங்க படிவத்தப் பாத்துத்தான் சொல்றீங்கன்னு பொறாமைக்காரங்க பேசுறாங்க. கண்ணக் கட்டிக்கிட்டு அஞ்சு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் காட்டுங்க. அவங்க வாய் அடைஞ்சிரும்."

ஒபதியாவுக்கு வாயெல்லாம் பல். என்ன சொன்னாலும் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? ஊதாத் துணியாலேயே நான் கண்ணை இறுக்கிக் கட்டினேன். மூச்சுவிடக்கூடாது என்று ஜெப்கெமோய் கூட்டத்துக்குச் சைகை காட்டிவிட்டு முதல் கையை நீட்ட வைத்தாள்.

சாவி நேராக ஆடியது. "காகிதம். டேப்லட் இந்தப் பையனோட கண்ண எரிச்சிரும்."

இரண்டாவது கை. வட்டம். "ஒளிப் பிள்ளை."

மூன்றாவது, ஒளி. நான்காவது, காகிதம். ஐந்தாவது கைக்குச் சாவி நேராகவும் ஆடியது, வட்டமாகவும் சுற்றியது. "இது அபூர்வப் பிறவி. இதுக்கு ரெண்டுமே வாங்கணும்."

கட்டை அவிழ்த்தேன். எதிரே ஒரே ஒரு பிள்ளை கையை நீட்டியபடி நின்றிருந்தது.

"அஞ்சும் நாந்தான் ஐயா" என்றாள் மோரா. "என் புத்தகத்தக் குடுங்க. நவம்பர்ல பரீட்சை இருக்கு."

பிள்ளைக்குள் ஐந்து ஆவிகள் இருப்பதாக ஒபதியா ஆரம்பித்தார். அப்போதும் இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடின, அவற்றுக்கு மருந்தில்லை. மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. சிரித்து முடித்ததும் பின்னறைக் கதவைத் திறந்தார்கள். கெரூபோ தன் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, டேப்லட்டை அவர் முன்னால் வைத்துக் காசைத் திரும்ப வாங்கினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான், பின்னக் கணக்கு ஏன் வரவில்லை என்று மகளை முதல்முறையாகக் கேட்டாள்.

"அந்த வாரம் மூச்சு முட்டிப் படுத்திருந்தேன்ல? எந்திரிச்சதும் நீ அடுத்த பாடத்துக்குப் போயிட்டம்மா."

கெரூபோ நடுத்தெருவில் நின்று அழுதாள்.

ஜெப்கெமோய் கூடத்தை விட்டு வெளியே வந்தபோது வங்கிக்காரர் ஓடிவந்து வழிமறித்தார். தன் மகன் காகிதமா ஒளியா என்று அவள் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"உங்க வீட்ல டேட்டாவுக்குக் காசிருக்கா, ரப்பருக்குத்தான் இருக்கான்னு பாருங்க" என்றாள் அவள். "மீதிய உங்க பையன்கிட்ட கேளுங்க. அவனுக்கு வாய் இருக்குல்ல?"