எந்த மெஷினிலும் ஓடும் கட்டு

1974 ஜூன் 12, புதன்கிழமை. ஐந்தே காலுக்கு எழுந்தேன். பால் வாங்கினேன், சவரம் செய்தேன், மூன்று இட்லி சாப்பிட்டேன், லஸ் முனையில் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அதற்குப் பின் அன்று நான் எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

எங்கள் தி.நகர் அலுவலகக் கம்ப்யூட்டருக்காக ஓர் அட்டைக் கட்டு தயாரித்திருந்தேன். டிஸ்க்கில் இருப்பதை அழித்துச் சுத்தம் செய், புரோகிராமை ஏற்று, ஓட்டு, அச்சிடு என்று வரிசையாக ஆணையிடும் பதினெட்டுத் துளையட்டைகள். எந்த மெஷினிலும் இது ஓடும் என்று மேனேஜரிடம் பெருமையடித்தேன். (அதுவரை நான் தொட்டிருந்த மெஷின் மொத்தம் ஒன்று.) அவர் கிண்டியில் வேறொரு கம்ப்யூட்டர் மையத்தில் ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார்.

அங்கே ஆபரேட்டர் ஸ்டெல்லா, சாந்தோம்காரர், தற்காலிக ஊழியர். அடுத்த திங்கட்கிழமைக்குள் ஒரு சர்வேயை முடித்துக் கொடுத்தால் அவருக்கு வேலை நிரந்தரம்.

“ஒரு தடவை எங்க மேனுவலைப் பார்த்துடுங்க சார். இது வேற கம்பெனி மெஷின்.”

“தேவையில்லைம்மா. எல்லாத்துக்கும் பொதுவாத்தான் எழுதியிருக்கேன்.”

“டேப் வேற ரிப்பேர் சார். ரெண்டு வாரமா நகல் எடுக்கல.”

“பயப்படாதீங்க.”

எந்த டிஸ்க்கைச் சுத்தம் செய்வது என்று சொல்லும் கட்டத்தை முதல் அட்டையில் காலியாக விட்டிருந்தேன். காலியாக இருந்தால் எங்கள் மெஷின் தற்காலிக டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். அந்த மெஷின் முதல் டிஸ்க்கை எடுத்துக்கொண்டது. ஸ்டெல்லா இரண்டு வாரமாகத் திருத்திவந்த சர்வே அதில்தான் இருந்தது. பதினெட்டு அட்டைகளும் தடங்கலின்றி ஓடின. வேலை பிழையின்றி முடிந்தது என்று அச்சாகி வந்தது. நான் கைதட்டினேன்.

ஸ்டெல்லா முதல் டிஸ்க்கின் பட்டியலை அச்சிட்டுப் பார்த்தார்; காலித்தாள் வந்தது. அட்டெண்டர் முனுசாமிதான் பேசினார்: “இன்னா சார், உன் சீட்டு உள்ள போயி அந்தம்மா வேலையத் துன்னுடுச்சே.”

திங்கட்கிழமை சர்வே முடியவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு ஒரு மெமோகூட வரவில்லை. கட்டு ஓடிவிட்டதே என்று மேனேஜர் பாராட்டினார். இன்றும் நான் யார் வீட்டுக்குக் கிளம்பினாலும், “போற இடத்துல எதையும் துன்னுட்டு வராத நைனா” என்பாள் என் மனைவி. பிள்ளைகள் சிரிப்பார்கள். வேலை போனவரைப் பற்றி அவர்களுக்கு நான் சொன்னதில்லை.

கிண்டிக்குப் போய் மன்னிப்புக் கேட்க எனக்குச் சனிக்கிழமை ஆயிற்று. வியாழக்கிழமை காலை முதலில் செய்தது வேறு. டைரியில் இருக்கிறது: ‘8.40. முதல் அட்டையைத் திருத்தினேன். இனி எங்கும் ஓடும்.’