மெல்லிய கம்பியும் ஐந்தாவது அடாப்டரும்

மதகுச் சாலை,
செப்டம்பர் 9, 2024

கடல் கடந்து மணல் தோண்டும் அன்புத் தம்பி ரெமிக்கு,

அண்ணன் ஓடில் எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். துபாயில் நீயும் உன் கப்பலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மகள் லீஸ்லாட்டுக்கு நீ விதித்த கெடு நேற்றோடு முடிந்தது. ஊர்த் திருவிழா மிதிவண்டிப் பந்தயத்தில் ஏதாவது ஓர் அணி அவளை எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் கெந்த் நகரத் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கப் போக வேண்டும். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் சாக்லேட்டில்தான் ஆரம்பிப்பார்கள்.

அவளுக்கு இரண்டு ஆதரவாளர் சங்கங்கள் இருப்பது உனக்குத் தெரியும். ஒன்று 'வெள்ளை அன்னம்' பீர்க்கடையில், தலைவர் நான். மற்றது நேர் எதிரே 'மூன்று சாவி' பீர்க்கடையில், தலைவன் ஆகில். அவனுடைய பந்தயப் புறா என் கூரையில் பதினொரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் தாமதமாக வீடு போய்ச் சேர்ந்ததை முன்னிட்டு, நான் பட்டாணி போட்டு மயக்கினேன் என்று அவன் சொல்லி, இரண்டு கடைகளும் பதினேழு வருடமாகப் பேசுவதில்லை. ஆகவே திருவிழாவுக்கு லீஸ்லாட்டின் மிதிவண்டியைப் புதுப்பிக்கலாம் என்று இரு தரப்பும் ஒரே வாரத்தில், ஒருவரை ஒருவர் கேட்காமல் முடிவு செய்தோம். அவர்கள் மின்சாரத்தில் மாறும் கியர்களை வாங்கினார்கள்; நல்ல சாமான், ஆனால் போன தலைமுறை. நாங்கள் அதற்கான கம்பிகளை வாங்கினோம், இந்தத் தலைமுறை.

அந்தக் கம்பியை நீ பார்க்க வேண்டும், தம்பி. சேமியாவைவிடக் கொஞ்சம்தான் தடிமன். முப்பத்தோரு வருடம் மதகுக் காவலனாக இருந்தவன் நான். ஒரு கதவைத் திறக்கச் சக்கரத்தை நூற்றுப்பத்து முறை சுற்றுவேன். படகுக்காரன் நன்றிகூடச் சொல்லாமல் போவான். இங்கே விரல் பொத்தானைத் தொடுகிறது. கம்பி செய்தியைக் கொண்டுபோகிறது. பின்சக்கரத்தில் சங்கிலி பல் மாறிவிடுகிறது. இடையில் யாருக்கும் வியர்ப்பதில்லை. ஒரே ஒரு குறை. கம்பியும் மெல்லியது, அதன் முனையும் மெல்லியது. பழைய கியரின் துளையோ பெரியது. சொருகினால் கழன்று விழுந்தது.

பழுதுக்கடை அன்னெலோரே பார்த்துவிட்டு, "தலைவரே, எங்கிட்ட பழைய தடிமன் கம்பி கிடக்கு. பத்து நிமிஷத்துல மாட்டித் தந்துடறேன்" என்றாள். நான் மறுத்தேன். எங்கள் பரிசு வண்டியில் இல்லை என்றால் வெள்ளை அன்னம் பக்கத்திலிருந்து ஒரு கையும் தட்டாது. லீஸ்லாட்டும், "ரெண்டு பேர் பரிசும் இருக்கணும் பெரியப்பா. இல்லன்னா கடைசி நேர்ரோட்டுல பாதி ஊர் வாயை மூடிக்கும். அந்தச் சத்தம் இல்லாம எனக்குக் கால் ஓடாது" என்றாள்.

ஆகவே வெள்ளிக்கிழமை நான் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளைக் கிழித்துக் கம்பி முனைகளில் சுற்றி அழுத்தினேன். பொருந்தியது. மாதா கோவில் வரை அருமையாக ஓடியது. அதன்பின் இறக்கத்தில் அவள் இறங்க, கியர் தன் பாட்டுக்கு மலை ஏறத் தொடங்கியது. அவளைக் காஸ்தோனின் லீக் வெங்காயத் தோட்டத்திலிருந்து எடுத்தோம். காயம் அவளுக்கு இல்லை, வெங்காயத்துக்குத்தான்.

அன்னெலோரே வெள்ளித்தாளைக் குறடால் பிடுங்கினாள். "தலைவரே, கரண்டுக்கு இனிப்பு ஆகாது" என்றாள். பிறகு ஒரு சின்னச் சாமானைக் காட்டினாள். அடாப்டராம். ஒரு பக்கம் மெல்லிய முனைக்கு வாய், மறுபக்கம் பழைய துளைக்குப் பொருந்தும் முனை. இரண்டு தலைமுறைக்கும் கோபம் வராமல் நடுவில் நின்று பேசும் இப்படி ஒரு பிறவியை நம் குடும்பத்தில் நான் கண்டதில்லை. மொத்தம் ஐந்து வேண்டும்: கைப்பிடிப் பொத்தான்களுக்கு இரண்டு, கியர்களுக்கு இரண்டு, பேட்டரிக்கு ஒன்று. அவளிடம் நான்குதான் இருந்தன.

"அஞ்சாவதை ஆகில் போன வாரமே வாங்கிட்டுப் போயிட்டாரு" என்றாள்.

"அவனுக்கு எதுக்கு?"

"நீங்க வாங்கின கம்பி பொருந்தாதுன்னு அவருக்குத் தெரியும். மூணு சாவிக் கல்லாவுக்குப் பின்னால ஆணியில மாட்டி, கீழ அட்டை எழுதி வச்சிருக்காரு. 'வெள்ளை அன்னத்தின் அறிவு, உண்மை அளவில்'."

பந்தயத்துக்கு ஒரு பகல் இருந்தது. சாலையைக் கடந்தேன். உள்ளே சீட்டாட்டம் நின்றது.

"வாய்யா ஓடில்" என்றான் ஆகில். "பதினேழு வருஷமா வழி தெரியலையா?"

"வழி தெரியும். நடுவுல ரோடு இருந்துச்சு."

"எதுக்கு வந்தே?"

"ஆணியில தொங்குதே, அதுக்கு."

"தரேன். எங்க பீரை ஒண்ணு குடி. குடிச்சிட்டு எல்லார் முன்னாடியும் நல்லாருக்குன்னு சொல்லு."

குடித்தேன். சொன்னேன். அது உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. இதை நீ யாரிடமும் சொல்லாதே. ஆகில் அடாப்டரைக் கழற்றித் தன் சட்டையில் துடைத்துக் கொடுத்து, "பாப்பாவுக்கு நான் சொன்னேன்னு சொல்லு, கற்சாலையில ஓரமா ஓட்டட்டும்" என்றான். ஆள் மோசமில்லை என்று அப்போதுதான் தோன்றியது. தோன்றியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேற்றுப் பந்தயம். மழை, சேறு, பன்னிரண்டு சுற்று. நான்கு பெண்களுக்குச் சங்கிலி கழன்றது. நம் பிள்ளையின் கியர் ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை. கடைசி நேர்ரோட்டில் மூன்றாவதாக வந்தாள். இரண்டு கடைகளும் ஒரே நேரத்தில் கத்தின. பரிசு கொடுத்தவர்களுக்குக் கை காட்டாமல் போவது நம் வளர்ப்பில் இல்லையே. வலப்பக்கம் எங்களுக்கு ஒரு கை காட்டினாள், இடப்பக்கம் அவர்களுக்கு ஒரு கை காட்டினாள். அந்த நேரத்தில் மூன்று பேர் கடந்துபோனார்கள். ஆறாம் இடம். அணிக்கு ஆள் தேடி வந்த அம்மாள் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் காரில் ஏறிவிட்டாள்.

ஆகவே உன் சொல்லே வென்றது. பிள்ளை அழவில்லை, தபால் நிலையத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்று மட்டும் கேட்டாள். அவளைக் குறை சொல்லாதே. கம்பியையும் குறை சொல்லாதே. தெரேஸ் அண்ணி உன்னை விசாரித்தாள். உன் கப்பலுக்குக் கடல் மாதா துணையிருக்கட்டும். நீ தோண்டிய இடத்தில் மணல் திரும்பி வராதிருக்கட்டும்.

உன் அண்ணன்,
ஓடில்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது, அணிக்கு ஆள் தேடி வந்த அந்த அம்மாள் தொலைபேசியில் பேசினாள். "வேகமா ஓட்டற பொண்ணுங்க நிறைய இருக்காங்க. ஸ்பான்சர் ரெண்டு பேரு சண்டை போட்டா ரெண்டு பேரையும் சமாளிக்கற பொண்ணைத்தான் ஆறு வருஷமா தேடறேன்" என்றாள். லீஸ்லாட்டை எடுத்துக்கொண்டார்கள், அவள் வரமாட்டாள் என்று தபால் நிலையத்துக்கு நீயே எழுதிவிடு. அவர்கள் புது மிதிவண்டியும் தருகிறார்கள். அதில் கியருக்குக் கம்பியே கிடையாதாம். எல்லாம் காற்றிலேயே போகுமாம். இப்போது ஆகில் என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறான். கம்பியில்லா கியரை எதிர்த்து அந்த அணிக்கு நாங்கள் சேர்ந்து எழுதும் கண்டனக் கடிதத்தில் யார் முதலில் கையெழுத்திடுவது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.