பனிக்கு மேலே தெரிந்த கழுத்து

ஒற்றைக் கதைக்காரர்கள் என்று ஓர் இனம் உண்டு. தேடிக்கொண்டு காட்டுக்குப் போக வேண்டாம். உங்கள் தெருவிலேயே இருக்கிறது. கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று வாழ்க்கையில் எத்தனையோ வந்துபோயிருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் வருவது ஒரே ஒரு கதைதான். அதையும் இவர்கள் சொல்வதில்லை. ஆட்டுக்குட்டியைப்போலத் தீனி போட்டு வளர்க்கிறார்கள்.

கடைத்தெருவில் மாற்றுச் சாவி செய்யும் மிலிட்டரி இந்த இனத்தின் திலகம். மிலிட்டரி என்பது ஊர் வைத்த பட்டம். இளமையில் கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தார். பட்டாளத்தை விட்டாரே தவிர மீசையை விடவில்லை. ஒற்றைக் கதைக்காரருக்குச் சாவிக்கடையைவிடத் தோதான தொழில் உண்டா? வந்தவர் எங்கே ஓடுவார்? அவர் வீட்டுச் சாவியே இவர் கையில். பாதி அறுத்ததும் மெஷினை நிறுத்திவிடுவார். கதை முடியாமல் மீதிப் பல் விழாது.

"ரொம்பக் குளிருது" என்று யாராவது சொன்னால் போச்சு. "வெயில் தாங்கலை" என்றாலும் போச்சு.

"குளிருன்னா என்னன்னு தெரியுமா சார் உங்களுக்கு? மலை உச்சி. நாலு பக்கமும் குண்டு விழுது. பாத்தா, பனிக்கு மேல ஒரு பின்னங்கழுத்து மட்டும் தெரியுது. எவ்வளவு நீளம்! இந்தக் கழுத்தை எங்கேயோ பாத்திருக்கோமேன்னு..."

"ஒட்டகம்!" என்று பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தையல்காரர் எடுத்துக் கொடுப்பார். கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடம்.

"ஒட்டகமேதான்! பள்ளிக்கூடத்துல எனக்கு முன் பெஞ்சு. அவன் முகத்தைவிடக் கழுத்தைத்தான் அதிகமாப் பாத்திருக்கேன். உயிர் சிநேகிதன் சார்! அப்படியே தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினேன்."

கல்யாணமான புதிதில் இந்தக் கதையில் மலையே கிடையாது என்பது அவர் மனைவிக்கு நன்றாக ஞாபகம். அப்போது அது வெறும் மேடு. மூத்தவள் பிறந்தபோது குன்றாயிற்று. குண்டுகள் இளையவனுக்குப் பிறகு விழ ஆரம்பித்தன. மத்தியானம் சாப்பாட்டோடு வரும்போது, "இன்னும் மலையை விட்டு இறங்கலையா? சோறு ஆறுது" என்பாள்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், பக்கத்துத் தெருவில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சாவியோடு வந்து நின்றார். மிலிட்டரி முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லை. வந்தவர் தெருவில் எதையோ பார்க்கத் திரும்பினார். கழுத்து! மிலிட்டரியின் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது.

"டேய் ஒட்டகம்!"

வந்தவர் விழித்தார், உற்றுப் பார்த்தார். "அடேய்... தவக்களை!"

இத்தனை காலம் கட்டிக்காத்த மிலிட்டரிப் பட்டம் அந்த நிமிஷமே பறந்தது. அவருக்கு அது உறைக்கக்கூட இல்லை. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், முதுகில் அறைந்துகொண்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள். தையல்காரர் யாருடைய சட்டைக் கையையோ பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்தார். தெருவும் கூடியது. சாப்பாட்டோடு மனைவியும் வந்து சேர்ந்தாள்.

"சார், அந்த மலைக் கதையை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்" என்றார் தையல்காரர்.

"எந்த மலை?"

மிலிட்டரி கண்ணடித்தார். ஒட்டகத்துக்குச் சாடை புரிந்தால்தானே? பள்ளிக்கூடத்திலேயே புரியாது; அதனால்தான் பரீட்சையில் இரண்டு பேருமே தேறவில்லை.

"அதான் சார், பட்டாளத்துல நீங்க சந்திச்சீங்களே!"

"பட்டாளத்துலயா? இவனையா? நான் அங்கே லாரியில்ல ஓட்டிக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துக்கு அப்புறம் இவனை இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

சிரிக்க வேண்டிய இடம். ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மிலிட்டரியின் முகம் அப்படிச் செத்துப்போயிருந்தது. மலை பொய் என்பது அம்பலமானதற்காக அல்ல. சந்தித்தது நிஜமாயிற்றே! அதுகூடவா இவனுக்கு மறந்துபோகும்? மீசையைக் காப்பாற்றுவதா, சிநேகிதத்தைக் காப்பாற்றுவதா? மிலிட்டரி ஒட்டகத்தின் தோளைப் பிடித்தார்.

"நல்லா யோசிச்சுப் பாருடா. மலை... சரி, மலை இல்லை. ஒரு மேடு."

"மேடா?"

"மேடும் இல்லை. சமதரைதான். எங்க முகாம்."

"குண்டு விழுந்துச்சே அண்ணே!" என்றார் தையல்காரர், தன் சொத்து பறிபோவதைப்போல.

"சும்மா இருய்யா! தூறல்தான் விழுந்துச்சு. உங்க லாரி தண்ணி பிடிக்க நின்னுச்சுடா."

"எத்தனையோ முகாம்ல நின்னிருக்கேன்..."

"அப்போ பனி?" என்றாள் மனைவி.

"பனியும் இல்லைடி!" மிலிட்டரி குரலைத் தாழ்த்தினார். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. "முகாம் கக்கூஸ்டா. தாழ்ப்பாள் சிக்கிக்கிச்சு. ஜன்னல் வழியா வரலாம்னு பாத்தேன். பாதியில மாட்டிக்கிட்டேன். வெளியே நீ திரும்பி நின்னுக்கிட்டு இருந்தே. கழுத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சுக் கூப்பிட்டேன்."

ஒட்டகத்தின் முகம் பளிச்சென்று மலர்ந்தது.

"அட! டவுசர் ஆணியில மாட்டிக் கிழிஞ்சு, நான் ரெண்டு கையையும் பிடிச்சு இழுத்தேனே! எப்படி மறக்கும்? ஆனா அது நம்ம பள்ளிக்கூடத்துலல்ல நடந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துல நடந்தது வேற தடவைடா!"

தையல்காரர் பலகையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். மனைவி தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பூட்டு திறக்கணும்னா இந்த ஊரே இவரைத்தானே கூப்பிடுது!"

மிலிட்டரிக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒட்டகத்தின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, அவனுக்கு ஞாபகம் இருக்கு" என்று மனைவியிடம் சொன்னார். "ஞாபகம் இருக்கு."

ஊருக்குத் திரும்பும்வரை ஒட்டகம் தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் அவரே கதை சொன்னார். அவர் பஸ் ஏறுவதற்குள் அந்த ஜன்னல் மாடிக்குப் போய்விட்டது. இரண்டு கையால் இழுத்தது ஒரு கையாகிவிட்டது. ஆமாம், இது தொற்றக்கூடியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நீங்கள் வழக்கமாகச் சொல்லும் அந்தக் கதை இருக்கிறதே, போன முறை அதில் நாய் ஒன்றும் வரவில்லை. இந்த முறை உங்களைத் துரத்தியது. உங்கள் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நீங்கள்தான் கவனிக்கவில்லை. அந்தக் கதையில் வரும் சிநேகிதர் இன்னும் இருக்கிறார் என்றால், ஒரு நடை போய், அவருக்கு என்னதான் ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

தனியாகப் போங்கள்.